கலக்கினால் கலங்கும் கரைசல்

தண்ணீரில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கினால் சீக்கிரம் கரையும். எல்லாக் கரைசலும் அப்படி நடந்துகொள்வதில்லை, நேயர்களே. தெர்மாகோல் செய்கிறார்களே, அந்தப் பாலிஸ்டைரீனை டையாக்டைல் தாலேட் என்ற எண்ணெய்ப் பசையுள்ள திரவத்தில் கரைத்து வைத்தால், அறை வெப்பத்தில் தெளிவாகத்தான் இருக்கும். அதையே வேகமாக ஓடவிட்டால் வெளுத்துக் கலங்கிவிடும். ஓட்டத்தை நிறுத்துங்கள், பழையபடி தெளிந்துவிடும்!

பாலிஸ்டைரீன் போன்ற பாலிமர்களின் கரைசல் ஓடும்போது இப்படிக் கலங்குவதை வெர் ஸ்ட்ரேட், பிலிப்போஃப் என்ற இருவர் 1974இல் பதிவுசெய்தார்கள். காரணம், ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள். அவை எங்காவது சற்று நெருக்கமாக இருந்தால், ஓட்டம் இழுக்கும்போது அங்கே இறுக்கம் கூடுகிறது. இறுகிய சங்கிலிகள் இடையிலுள்ள கரைப்பானைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. செறிந்த இடம் மேலும் செறிகிறது, நீர்த்த இடம் மேலும் நீர்க்கிறது. இந்த ஏற்றத்தாழ்வில் பட்டு ஒளி சிதறுவதால்தான் அந்த வெண்மை.

1989இல் ஹெல்ஃபாண்டும் ஃபிரெட்ரிக்சனும் இதற்குக் கணிதக் கோட்பாடு தந்தார்கள். ஆனாலும் கரைசல் உண்மையிலேயே இரண்டாகப் பிரிகிறதா, செறிவுதான் கூடிக்குறைகிறதா என்ற வாதம் அதற்குப் பிறகும் நீண்டது.