ஸ்லிம் ஜீன்ஸ் ஆர்டர் போடுறீங்களா... கஸ்டம்ஸையும் கணக்குல சேர்த்துக்கோங்க!

மாலை ஷிஃப்ட் முடியும் நேரத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் அந்தக் காட்சியைப் பார்க்கலாம். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டிபன் பையுமாகப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வருவார்கள். ஷேர் ஆட்டோ, கம்பெனி வேன், பஸ், ரயில் என்று பிரிந்து திருமுல்லைவாயல், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் என வீடு திரும்புவார்கள். இவர்களில் பலர் பகல் முழுக்கத் தைத்தது, கடல் தாண்டி விற்கப்போகிற பேன்ட்டும் சட்டையும்தான்.

அதே நேரத்தில் இதே அம்பத்தூரின் ஏதோ ஓர் அடுக்குமாடி வீட்டில், கல்லூரி செல்லும் பெண்ணோ பையனோ மொபைலில் வெளிநாட்டு வெப்சைட் ஒன்றைத் திறந்து வைத்து, 'ஸ்லிம் ஃபிட், மிட் ரைஸ், 28 இன்ச்' ஜீன்ஸை கார்ட்டில் போட்டுவிட்டு, "அப்பா, உங்க கார்டு கொஞ்சம் குடுங்களேன்" என்று கேட்டுக்கொண்டிருக்கலாம். கார்டை எடுப்பதற்கு முன் கொஞ்சம் பேசிவிடலாம்.

195 ரூபாய் ஜீன்ஸ் ஞாபகம் இருக்கா?

வெளிநாட்டு ஜீன்ஸ் மோகம் இன்று வந்ததல்ல. ஒரு காலத்தில் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சித்தப்பா வந்தால், பெட்டி திறக்கும்போது மொத்தக் குடும்பமும் சுற்றி உட்காரும். சென்ட் பாட்டில், டார்ச் லைட், சாக்லேட்டுக்கு அடியில் ஒரு ஜீன்ஸ் இருக்கும். அது யாருக்கு என்பதில் ஒரு சின்ன யுத்தமே நடக்கும். சித்தப்பா இல்லாதவர்களுக்கு பர்மா பஜார்.

அரவிந்த் மில்ஸ் 1980-ல் 'ஃப்ளையிங் மெஷின்' பிராண்டைக் கொண்டுவந்தது. 1995 வாக்கில் அதே நிறுவனம் செய்ததுதான் இன்னும் சுவாரஸ்யம். 'ரஃப் அண்ட் டஃப்' என்ற பெயரில் துணி, ஜிப், பட்டன், ரிவெட், லேபிள் எல்லாவற்றையும் ஒரே பாக்கெட்டில் போட்டு 195 ரூபாய்க்கு விற்றது. வாங்கி, தெருமுனை டெய்லரிடம் கொடுத்தால் நம் இடுப்புக்கு, நம் கால் நீளத்துக்குத் தைத்துக் கொடுப்பார். பிராண்டும் கிடைத்தது, அளவும் சரியாக இருந்தது. இன்றைய எந்த வெப்சைட்டின் 'சைஸ் சார்ட்'டும் அந்த டெய்லரின் இன்ச் டேப்புக்கு ஈடில்லை என்பது என் கட்சி.

ஜீன்ஸ் அமெரிக்கச் சரக்குதான். ரிவெட் அடித்த பேன்ட்டுக்கு லீவை ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் காப்புரிமை வாங்கியது 1873, மே 20-ல். ஆனால், அதன் நீலம் நமக்குப் பழக்கமானது. 1897-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவரும் வரை, உலகத்துக்கு நீலச் சாயம் கொடுத்ததில் இந்திய அவுரிச் செடிக்குப் பெரிய பங்குண்டு. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி விளைகிறது.

சாயம் போகப் போகத்தான் ஜீன்ஸுக்கு அழகு என்பார்கள். அந்த வித்தையும் நமக்குப் புதிதில்லை. 1958-ல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வியாபாரி, கேப்டன் சி.பி.கிருஷ்ணனிடமிருந்து மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணியை வாங்கி, நியூயார்க்கின் 'புரூக்ஸ் பிரதர்ஸ்' கடைக்கு விற்றார். தனியாகக் குளிர்ந்த நீரில் அலசவேண்டும் என்று வாங்கியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மெஷினில் போட்டார்கள். சாயம் ஓடியது, புகார் குவிந்தது. கடைசியில், 'சாயம் போவது உத்தரவாதம்' என்று அதையே விளம்பரமாக்கி விற்றுவிட்டார்கள்! மார்க்கெட்டிங் பாடமாகவே இன்றும் சொல்லப்படும் கதை இது.

28 என்றால் 28 இல்லை!

வெளிநாட்டு ஜீன்ஸில் பணம் வீணாவது பெரும்பாலும் அளவில்தான். லேபிளில் 28 என்று இருந்தால் இடுப்பு 28 அங்குலம் என்று நினைப்போம். பல பிராண்டுகளில் டேப் வைத்து அளந்தால் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் கூடுதலாகவே இருக்கும். வாங்குபவருக்குத் தான் ஒல்லியாகிவிட்ட சந்தோஷத்தைக் கொடுக்கும் தந்திரம் இது. பெண்களுக்கான எண்களில் இன்னும் குழப்பம். பிரிட்டனில் 10 என்பது அமெரிக்காவில் ஏறக்குறைய 6, ஐரோப்பாவில் 38. நமக்கென்று ஒரு பொது அளவு இல்லாததால்தான், 25,000 பேரை உடல் ஸ்கேனரில் அளந்து இந்திய உடலுக்கான சைஸ் பட்டியல் தயாரிக்கும் வேலையை நிஃப்ட் எனப்படும் தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கழகம் கையில் எடுத்தது.

அதுவரை ஒரு வழி இருக்கிறது. உங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் பழைய பேன்ட் ஒன்றைக் கட்டிலில் விரித்துப் போடுங்கள். இடுப்பு, முன்பக்கம் பட்டனிலிருந்து கவட்டை வரை உள்ள உயரம், தொடை, உள்கால் நீளம், காலின் அடிச் சுற்று என்று இந்த ஐந்தையும் அளந்து மொபைலில் குறித்துக்கொள்ளுங்கள். வெப்சைட்டில் அந்தந்த ஜீன்ஸின் அளவு கொடுத்திருந்தால் ஒப்பிடுங்கள். 'மாடல் உயரம் 5 அடி 10 அங்குலம்' என்று மட்டும் போட்டிருந்தால் அடுத்த கடையைப் பாருங்கள்.

ஸ்லிம் ஜீன்ஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெளிநாட்டு ஜீன்ஸ் 32, 34 அங்குல உள்கால் நீளத்தில் வரும். நம்மில் பலருக்கு 28, 29 போதும். 'கீழே வெட்டிக்கலாம்' என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஸ்லிம் ஃபிட் என்பது முழங்காலில் தொடங்கிக் கணுக்கால் வரை படிப்படியாகக் குறுகும் வெட்டு. நான்கு அங்குலம் வெட்டினால் போவது அந்தக் குறுகலான பகுதிதான். முழங்கால் வளைவு கீழே இறங்கி, கால் அகலமாகி, ஸ்லிம்முக்குக் கொடுத்த காசுக்குச் சாதாரண பேன்ட் கையில் இருக்கும். நீளம் மட்டும் குறைத்தால் போதாது, உள்தையலையும் பிடித்துத் தரச்சொல்ல வேண்டும். ஒரிஜினல் அடி மடிப்பை வெட்டியெடுத்து மறுபடி வைத்துத் தைக்கும் ஆல்ட்டரேஷன் டெய்லர் உங்கள் ஏரியாவில் இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள்!

வரிக்கும் வரி

அளவு சரி, ஆர்டர் போட்டாகிவிட்டது. இனி கஸ்டம்ஸ். உதாரணத்துக்கு ஜீன்ஸ் 60 டாலர், ஷிப்பிங் 25 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சுங்க வரி 60 டாலருக்கு மட்டும்தானே என்று நினைக்காதீர்கள். பொருள் விலையோடு அனுப்பும் செலவும் இன்ஷூரன்ஸும் சேர்ந்ததுதான் வரிக்கான மதிப்பு. அதன்மேல் அடிப்படைச் சுங்க வரி. அந்த வரியின்மேல் சமூகநலக் கூடுதல் வரி. இவை எல்லாம் கூட்டிய தொகையின்மேல் ஐ.ஜி.எஸ்.டி. கடைசியாக கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம். வரி விகிதங்கள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும் என்பதால், ஆர்டர் போடும் அன்று கூரியர் நிறுவனத்திடம் மொத்தத் தொகையைக் கேட்டுக்கொள்வது நல்லது. அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் அந்த ஷிப்பிங் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான். கட்டிய வரியைத் திரும்ப வாங்க ஒரு ஜீன்ஸுக்காக அலைபவர்கள் குறைவு.

"கிஃப்ட்னு போட்டு அனுப்பச் சொல்லுங்க, வரி வராது" என்று ஒரு யோசனை குடும்ப வாட்ஸ்அப் குரூப்களில் இன்னும் சுற்றுகிறது. 5,000 ரூபாய் வரை பரிசுப் பொருளுக்கு வரி விலக்கு இருந்தது உண்மை. வெளிநாட்டு ஷாப்பிங் தளங்கள் அதைத் தவறாகப் பயன்படுத்தியதால், 2019 டிசம்பரில் மத்திய அரசு அந்தக் கதவை மூடிவிட்டது. ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் மட்டுமே விதிவிலக்கு. ஜீன்ஸ் இரண்டிலும் சேராது.

சித்தப்பா வழி இன்னும் திறந்திருக்கிறது. விமானத்தில் வருபவர் கொண்டுவரும் பொருட்களுக்கு வரியில்லா வரம்பு உண்டு. 2016-ன் பேக்கேஜ் விதிகளில் அது பெரும்பாலான நாடுகளுக்கு 50,000 ரூபாயாக இருந்தது. இந்த வரம்பும் மாறும் என்பதால், கிளம்புமுன் சுங்கத் துறை இணையதளத்தைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். அவர் உடுத்திப் பழகிய சொந்த உடைகள் இந்தக் கணக்கில் வராது. ஆனால், லேபிள் கிழிக்காத இருபது ஜீன்ஸ் ஒரே பெட்டியில் இருந்தால் 'எனக்குத்தான் சார்' என்பதை எந்த அதிகாரியும் நம்பமாட்டார்.

அதைவிட ஆபத்து, வராத பார்சலுக்கு வரும் மெசேஜ். 'உங்கள் பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறது, இந்த லிங்க்கில் பணம் கட்டுங்கள்' என்று வரும். நாம் நிஜமாகவே ஆர்டர் போட்டிருக்கும்போது இப்படி வந்தால் சந்தேகமே வராது. அதுதான் மோசடிக்காரர்களுக்கு வசதி. சுங்கத் துறை யாருடைய தனிப்பட்ட வங்கிக் கணக்குக்கும் பணம் அனுப்பச் சொல்லாது. 2019 நவம்பரிலிருந்து அந்தத் துறையின் கடிதங்களில் 'டி.ஐ.என்.' என்ற அடையாள எண் இருக்கும். அதை அவர்களின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930-க்கு அழையுங்கள்.

லேபிளைத் திருப்பிப் பாருங்கள்

இவ்வளவு பாடுபட்டு வரவழைத்த ஜீன்ஸின் உள்லேபிளைப் பார்த்தால் 'பங்களாதேஷ்' என்று இருக்கலாம். 'இந்தியா' என்றே இருந்தாலும் ஆச்சரியமில்லை. அண்ணா நகர் மாலில் வெளிநாட்டு பிராண்ட் கடையில் தொங்குவதும் பல சமயம் அதே கதைதான். பங்களாதேஷ் உடைகளைத் தரைவழியாகக் கொண்டுவர இந்தியா 2025 மே மாதம் தடை போட்டு, கொல்கத்தா, நவ சேவா துறைமுகங்கள் வழியாக மட்டும் அனுமதித்தது. 2020-ல் தடை செய்யப்பட்ட சீனாவின் 'ஷீன்' செயலி 2025-ல் ரிலையன்ஸ் மூலம் திரும்ப வந்தபோது, விற்பது இந்தியாவில் தைத்த உடைகளைத்தான்.

எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்ற பெயரில் கடைகளில் கிடைப்பவை இன்னொரு உலகம். ஆர்டருக்கு மேல் தைத்தவை, சின்னக் குறையால் நிராகரிக்கப்பட்டவை என்று நிஜச் சரக்கும் உண்டு. அந்தப் பெயரில் விற்கும் போலியும் ஏராளம். நிஜ சர்ப்ளஸில் பெரும்பாலும் பிராண்ட் லேபிள் வெட்டப்பட்டோ, கோடு கிழிக்கப்பட்டோ இருக்கும். பளபளவென்று முழு லேபிளோடு 400 ரூபாய்க்குக் கிடைத்தால்தான் யோசிக்க வேண்டும். அமெரிக்காவுக்குத் தைத்ததில் 'ஆர்.என்.' என்ற எழுத்துகளோடு ஓர் எண் இருக்கலாம். அந்த நாட்டின் வர்த்தக ஆணைய இணையதளத்தில் அதைத் தட்டினால் எந்த நிறுவனத்துக்கான சரக்கு என்பது தெரிந்துவிடும். வாங்குமுன் இரண்டு காலையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். நிராகரிப்புக்கு அடிக்கடி காரணமாவது முறுக்கிக்கொண்ட கால்தான். அதை எந்த டெய்லராலும் சரிசெய்ய முடியாது.

உள்ளூர்க் கடையில் வாங்குபவர்களுக்கு ஒரு கணக்கு: 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான உடைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். தள்ளுபடி போக விலை அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று பில் போடும்முன் பார்ப்பதில் தவறில்லை.

தைக்கிற கை

1960-களில் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை முதலில் சின்னச் சின்ன இன்ஜினீயரிங் பட்டறைகளின் ஊர். பின்னால்தான் ஆயத்த ஆடை வந்தது. 'அம்பத்தூர் க்ளோத்திங்' என்று ஊர் பெயரையே வைத்துக்கொண்டு ஏற்றுமதி செய்த நிறுவனமும் உண்டு. ஒரு பேன்ட்டை இங்கே யாரும் முழுதாகத் தைப்பதில்லை. பாக்கெட் ஒருவர், ஜிப் ஒருவர், இடுப்புப் பட்டி ஒருவர் என்று வரிசையில் நகர்ந்துகொண்டே போகும். மணிக்கு இத்தனை என்று இலக்கு. தண்ணீர் குடிக்க எழுந்தாலும் பக்கத்து மெஷினில் துணி குவியும்.

இந்தத் தையல் தொழிலுக்கான குறைந்தபட்ச ஊதியத்தைத் தமிழக அரசு 2014-ல் உயர்த்தியது. அதற்கு முந்தைய உயர்வு வந்து பத்து வருடங்களுக்கு மேலாகியிருந்தது. நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. உயர்வு செல்லும், நிலுவையும் தரவேண்டும் என்று 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதுவரை பழைய சம்பளத்தில்தான் பலர் மெஷினை மிதித்தார்கள். 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா இந்தியப் பொருட்கள்மீது 50 சதவீத வரி விதித்தபோது, திருப்பூர் முதல் சென்னைப் புறநகர் வரை ஏற்றுமதித் தையல்காரர்களுக்கு அது நேரடிக் கவலை. அங்கே ஆர்டர் நின்றால் இங்கே முதலில் போவது ஓவர்டைம், அடுத்து வேலை. வரி என்பது நம் பார்சலுக்கு மட்டும் வருவதல்ல.

டைட்டா... ரொம்ப டைட்டா?

அம்மாக்கள் பயப்படுவதிலும் விஷயம் இருக்கிறது. 2015-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 35 வயதுப் பெண் ஒருவர், ஸ்கின்னி ஜீன்ஸோடு பல மணி நேரம் குத்தவைத்து உட்கார்ந்து வீட்டுச் சாமான்களை ஒழுங்குபடுத்தியிருக்கிறார். மாலையில் கால்கள் மரத்து நடக்கமுடியாமல் விழுந்துவிட்டார். மருத்துவமனையில் ஜீன்ஸை வெட்டித்தான் எடுத்தார்கள். நாலு நாள் கழித்துத்தான் நடந்தார். மருத்துவ இதழில் பதிவான சம்பவம் இது. இடுப்பில் இறுக்கும் ஜீன்ஸ் தொடையின் வெளிப்பக்க நரம்பை அழுத்தி எரிச்சலும் மரமரப்பும் தருவதும் டாக்டர்களுக்குத் தெரிந்த பிரச்னை.

சென்னை வெயிலில் இதோடு வியர்வையும் சேரும். தொடை இடுக்கில் படர்தாமரை வந்தவர்களிடம் தோல் மருத்துவர்கள் இறுக்கமான ஜீன்ஸைத் தவிர்க்கச் சொல்வார்கள். ஸ்லிம் வேறு, ஸ்கின்னி வேறு. தொடையில் இரண்டு விரலால் துணியைக் கிள்ளிப் பிடிக்க முடிந்தால் அது ஸ்லிம். முடியாவிட்டால் ஒரு சைஸ் மேலே போங்கள். 98 சதவீதம் பருத்தி, 2 சதவீதம் எலாஸ்டேன் கலந்த துணி உட்காரும்போது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். முழுப் பருத்தி அப்படி நெகிழாது. முதல் சலவையில் சுருங்கவும் செய்யலாம். அதனால் வாங்கியவுடன் டெய்லரிடம் ஓடாதீர்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் தனியாக ஒருமுறை அலசி, நிழலில் உலர்த்தி, போட்டுப் பார்த்து, அதற்குப் பிறகு நீளத்தைக் குறிக்கச் சொல்லுங்கள்.