கறுப்பு மையில் காந்தி



குதிரை ஓவியங்களால் புகழ்பெற்ற சீன ஓவியர் சூ பெய்ஹோங், தாகூரின் அழைப்பில் சாந்திநிகேதன் வந்திருந்தார். 1940 பிப்ரவரியில் காந்தி அங்கே வந்தபோது, அவரை நேரில் பார்த்து வரைந்தார்.

சீன ஓவிய மரபின் மை என்பது புகைக்கரியும் பசையும் சேர்ந்த கட்டி. கல்லில் நீர்விட்டு அதை உரைக்க வேண்டும். தூரிகை பட்டதும் தாள் மையை உறிஞ்சிக்கொள்ளும். அழித்துத் திருத்த வழியில்லை. சித்திரத்துக்கும் எழுத்துக்கும் சீனத்தில் ஒரே தூரிகைதான்.

கோட்டையும் எழுத்தையும் அப்படி ஒரே கையில் வைத்திருந்த கலைஞர் நம்மிடமும் இருந்தார். துறையூர் பக்கத்துக் கீராம்பூரில் 1938-இல் பிறந்த கே. எம். ஆதிமூலம். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி, கறுப்பு மைக்கோடுகளால் காந்தியை விதவிதமாக வரைந்து தள்ளினார். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிப் பின்னும் இடத்தில் நிழல் விழும். வெற்றுத்தாளே வழுக்கைத் தலையின் ஒளியாகிவிடும். வண்ணம் இருந்தால்கூட இவ்வளவு உயிர் வந்திருக்காது.

நூல் அட்டைகளுக்கும் சிற்றிதழ்களுக்கும் அவர் எழுதித் தந்த தலைப்பெழுத்துகள், தமிழ் அச்சின் முகத்தையே மாற்றின. எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் கரிசல் மனிதர்களுக்கும் ஆதிமூலத்தின் கோடு முகம் கொடுத்தது.

ஆதிமூலம் படித்த ஓவியப் பள்ளி, 1850-இல் தொடங்கியது. இன்று அது சென்னையிலுள்ள அரசு கவின் கலைக் கல்லூரி. பல்லாவரத்தில் மின்ரயில் ஏறினால், எழும்பூரில் இறங்கிக்கொள்ளலாம். கல்லூரி அங்கிருந்து பக்கம்தான்.