புதையாப் புதையல்

'புதையல்' என்னும் சொல் 'புதை' என்னும் வினையடியாகப் பிறந்தது. மண்ணுள் மறைத்து வைக்கப்பட்டதே புதையல் என்பது நாம் அறிந்த பொருள். ஆனால், மண்ணைத் தோண்டி எதனையும் புதைக்கலாகாது என்பதையே விதியாகக் கொண்ட புதையல் விளையாட்டு ஒன்று இன்று உலகெங்கும் பரவியுள்ளது. 'ஜியோகேஷிங்' என்பது அதன் பெயர். பழங்கோட்டைகள் உள்ள இடங்களில் அதனை எவ்வாறு ஆடுவது முறை என்பதைத் தமிழாசிரியர்கள் அறிந்திருத்தல் நலம்.

ஒருவர் சிறு பெட்டியொன்றில் குறிப்பேடு ஒன்றை இட்டுப் பொதுவிடத்தில் மறைத்துவைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை வெளியிடுவார். பிறர் செயற்கைக்கோள்வழி இடங்காட்டும் கருவியின் துணைகொண்டு அதனைத் தேடிக் கண்டு, ஏட்டில் பெயரெழுதி, முன்போலவே மறைத்துவைத்து மீள்வர். இந்நாளில் கைப்பேசியே அக்கருவியாகப் பயன்படுகிறது.

இது தோன்றிய வரலாறு சுவையானது. அமெரிக்க அரசு தன் செயற்கைக்கோள் குறிப்புகளில் வேண்டுமென்றே பிழை கலந்து பொதுமக்களுக்கு வழங்கிவந்தது. அதனால் நூறு மீட்டர் வரை இடம் பிசகிற்று. 2000-ஆம் ஆண்டு மே முதல் நாள் நள்ளிரவில் அப்பிழை நீக்கப்பட்டது. மே 3-ஆம் நாளே டேவ் உல்மர் என்பவர், ஒரிகன் மாநிலத்தில் போர்ட்லந்து நகருக்கு அருகே ஒரு வாளியை மறைத்துவைத்து அதன் இட அளவை உலகுக்கு அறிவித்தார். சில நாள்களுக்குள் அது கண்டுபிடிக்கப்பட்டது.

இட அளவின் நுட்பத்தை மாணவர்க்கு எளிதில் விளக்கலாம். அட்சரேகையில் ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர். அதில் அறுபதில் ஒரு கூறாகிய கலை ஏறத்தாழ 1,850 மீட்டர். அக்கலையையும் ஆயிரம் கூறிட்டால் ஒரு கூறு இரண்டு மீட்டருக்கும் குறைவாகும். நம் நாடு பூமத்திய ரேகையை ஒட்டியிருத்தலின் தீர்க்கரேகைக்கும் இக்கணக்கு ஏறக்குறையப் பொருந்தும்.

நிற்க. நமக்கு அண்மையிலுள்ள கோல சிலாங்கூரின் மலாவத்திக் குன்றை எடுத்துக்கொள்வோம். அதன் இருப்பிடம் வடக்கே 3 பாகை 20 கலை, கிழக்கே 101 பாகை 15 கலை என்ற அளவை ஒட்டியது. சிலாங்கூர் ஆறு கடலொடு கலக்கும் இடத்தைக் காத்துநிற்பது அக்குன்று. உள்நாட்டு ஈயம் அவ்வாற்று வழியே கடலுக்கு வந்தது. ஆற்றின் வாயைப் பிடித்தவன் கையில் வாணிகம் இருந்தது. 1784-ஆம் ஆண்டில் சுல்தான் இப்ராகிம் மலாக்காவின் மீது படையெடுத்தார். அதற்கு எதிராக வந்த டச்சுக்காரர் அவ்வாண்டிலேயே கோட்டையைக் கைப்பற்றித் தம் தலைமை ஆளுநர் ஆல்டிங் பெயரால் 'ஆல்டிங்ஸ்பர்க்' எனப் பெயரிட்டனர். பகாங்கின் துணைபெற்று, 1785-இல் சுல்தான் அதனை மீட்டார். 1907-ஆம் ஆண்டில் அங்கு எழுந்த கலங்கரை விளக்கம் ஆல்டிங்ஸ்பர்க் என்னும் அப்பெயரையே தாங்கி நிற்கின்றது.

இத்தகைய இடத்தில் பெட்டியை எங்கே மறைப்பது? கோட்டைச் சுவரின் கல்லிடுக்கில் வைத்தால், தேடுவோர் கல்லைப் பெயர்ப்பர். அரசர் கல்லறைகளின் அருகில் வைப்பதும் தகாது. இச்சிக்கலுக்கு விடை இவ்விளையாட்டிலேயே உண்டு. பெட்டியே இல்லாத வகையும் இதில் உள்ளது. ஓரிடத்தை நேரிற் கண்டாலன்றி விடைகூற இயலாத வினாவே அங்குப் புதையல். பீரங்கிகளின் வாய் எத்திசையை நோக்குகின்றது? அங்கிருந்து ஆற்றின் முகத்துவாரம் தெரிகின்றதா? கல்லறைகளில் துயிலும் சுல்தான்கள் யாவர்? கலங்கரை விளக்கத்தின் பெயர் யாருடையது? இவ்வாறு ஐந்தாறு வினாக்களை இட அளவுகளோடு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். குரங்குகளுக்குத் தீனி கொடுத்துவிட்டுத் திரும்பும் சுற்றுலா அன்றே வரலாற்றுப் பாடமாகும். ஒரு கல்லும் அசையாது. கிள்ளான் பள்ளிகளுக்கோ ராஜா மஹாடி கோட்டை நகரிலேயே உள்ளது.

ஆதலின் இதனைப் புதையல் வேட்டை என்பதினும் 'இடந்தேடல்' என்பதே பொருந்தும். தேடிப் பெறுவது பெட்டியன்று. இடத்தைப் பற்றிய அறிவே.

இம்முறையால் நமக்கு மற்றொரு பயனும் உண்டு. மலாவத்திக் குன்றில் கல்லேனும் எஞ்சியுள்ளது. நம் தோட்டங்கள் பலவற்றிற்கு அதுவும் இல்லை. லயங்களும் கோயிலும் பள்ளியும் இருந்த மண்ணில் இன்று வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. "இங்கேதான் பள்ளிக்கூடம் இருந்தது" என்று விரல் நீட்டிக் காட்டவல்ல முதியோர் நாளும் குறைந்து வருகின்றனர். அவர்களை உடன் அழைத்துச் சென்று, அவர்கள் காட்டும் இடத்தின் பாகையையும் கலையையும் பெயரோடும் செய்தியோடும் மாணவர் ஏட்டில் பதியச் செய்தல் வேண்டும். கட்டடம் இடிந்தாலும் அளவு மாறாது. அளவு மாறாவிடினும், அவ்விடத்தின் கதை அறிந்தவர் மறைந்தால் அது வெறும் எண்ணே. கோட்டையில் பழகிய கண்ணும் கையும் இப்பணிக்கு உதவுமாயின் அதுவே நாம் அடையும் புதையல்.