ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசுமா?

எனக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவள் ஒரு வயதிலேயே 'அம்மா, தாத்தா, காக்கா' என்று பேச ஆரம்பித்து விட்டாள். அடுத்தவன் பையன். இரண்டு வயது தாண்டியும் ஒரு வார்த்தை வரவில்லை.

நான் கவலைப்படும் போதெல்லாம் என் மாமியார், "பொம்பளப் பிள்ளைக்கு மூளை சீக்கிரம் வளரும். ஆம்பளப் பிள்ளைக்கு மெதுவாத்தான் வளரும். உன் புருஷனே மூணு வயசுலதாம்மா வாயைத் திறந்தான்" என்பார். அக்கம்பக்கத்திலும் அதே பேச்சுதான். பட்டாசு வெடித்தால் வீறிட்டு அழுவான் என்பதால், காதைப் பற்றி யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

ஒருநாள் தெருமுனையில் ஐஸ் வண்டி மணி அடித்தது. மகள் எழுந்து ஓடினாள். பக்கத்தில் விளையாடிக் கொண்டிருந்த இவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வண்டி கண்ணில் பட்ட பிறகுதான் குதித்தான். எனக்கு சுரீர் என்றது. பின்னால் நின்று நாலைந்து தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஊஹும், திரும்பவே இல்லை.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பரிசோதனையில், பலத்த சத்தம் மட்டும்தான் அவனுக்குக் கேட்கும், நாம் பேசுவது கேட்காது என்று தெரிந்தது. "ஆம்பளப் பிள்ளைதானேன்னு இருந்துட்டேன் டாக்டர்" என்று அழுதுவிட்டேன்.

பத்தாவது வரை படித்த எனக்கும் புரியும்படி டாக்டரம்மா விளக்கினார். ஆண், பெண் மூளையில் வித்தியாசம் இருப்பது நிஜம்தானாம். கரு உருவாகி எட்டு வார வாக்கில் ஆண் குழந்தைக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்கும். அது மூளை வளர்ச்சியிலும் கொஞ்சம் கை வைக்கும். மூளை தன் முழு அளவை எட்டுவது பெண்ணுக்குச் சராசரியாகப் பத்தரை வயதில், ஆணுக்குப் பதினாலரை வயதில். ஆனால் 2015-ல் 1,400-க்கும் மேற்பட்டவர்களின் மூளை ஸ்கேன்களை ஆராய்ந்தபோது, முழுக்க 'ஆண் மூளை', முழுக்க 'பெண் மூளை' என்பது அபூர்வம், பெரும்பாலும் கலவைதான் என்று தெரிந்ததாம்.

"பேச்சில் பையன்கள் பின்தங்குவது சராசரியாக ஒன்றிரண்டு மாதம்தாம்மா. வருஷக் கணக்கில் இல்லை. காதில் பேச்சு விழுந்தால்தான் மூளையில் மொழி வளரும். அதற்கு முதல் மூன்று வருஷம் ரொம்ப முக்கியம்" என்றார். எத்தனை மாதத்தை வீணாக்கி விட்டேன் என்று மனசு பதறியது.

காது மெஷின் வைத்து, பேச்சுப் பயிற்சிக்கும் கூட்டிப் போனோம். இப்போது மூன்றரை வயது. போன மாதம் வாசலில் மணிச் சத்தம் கேட்டு, "அக்கா, ஐசு!" என்று கத்தினான். தினமும் மெஷினை மாட்டி விடுவது இப்போது என் மாமியார்தான்!

சகோதரிகளே! ஒன்றேகால் வயதுக்குள் ஒரு வார்த்தையாவது, இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர்த்தாவது பேசாத குழந்தை, ஆணோ பெண்ணோ, உடனே காதைப் பரிசோதியுங்கள். 'தானா பேசும்' என்று என்னைப் போல் காத்திருக்காதீர்கள்.

- ஒரு வாசகி, விருதுநகர்.