பட்டையும் தோலும்

சபரகமுவ மாகாணத்தின் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களிலுள்ள இறப்பர்த் தோட்டங்களில் பொழுது புலரும்போதே தொழில் தொடங்கிவிடும். பால்வெட்டும் தொழிலாளி, முந்திய வெட்டில் உலர்ந்துகிடக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுத்து, அவ்வெட்டின் கீழ்விளிம்பில் மெல்லிய பட்டைச் சீவலொன்றை நீக்கிச் சிரட்டையைப் பொருத்திவிட்டு அடுத்த மரத்துக்கு நடக்கின்றார். ஆடவரேயன்றிப் பெண்களும் இத்தொழிலிற் பலர். ஒரு மரத்திற் செலவாகும் நேரம் ஒரு நிமிடமும் இராது. அச்சிறுபொழுதிற் கத்தி கடந்து செல்லும் பொருள்கள் எவை, அஃது எவ்விடத்தில் நின்றேயாகவேண்டும் என்னும் வினாக்களுக்கு விடை கூறுவது இழையவியலாகும்.

ஒரு தொழிலைச் செய்தற்பொருட்டு ஒருங்கமைந்த கலங்களின் கூட்டத்தை இழையம் என்பர். இறப்பர் மரத்தின் தண்டில் வெளிப்புறத்தே இருப்பது தக்கை. இறந்த கலங்களாலான இப்படை நீரிழப்பைத் தடுக்கும். அதனையடுத்துக் கற்கலங்கள் செறிந்த வன்பட்டையும், அதனுள்ளே மென்பட்டையும் உள. இலைகள் ஆக்கிய வெல்லத்தைக் கொண்டுசெல்லும் உரியவிழையம் மென்பட்டையிலேயே இயங்குகின்றது. மென்பட்டைக்கு உட்புறமாக, கண்ணுக்குத் தனித்துத் தோன்றாத மெல்லிய படையொன்று தண்டைச் சூழ்ந்து நிற்கும். அதுவே மாறிழையம். அது தன் உட்புறத்தே காழையும் வெளிப்புறத்தே உரியத்தையும் ஓயாது தோற்றுவிக்கின்றது. காழ் வேரிலிருந்து நீரை மேலேற்றும். மரத்தைத் தாங்கி நிற்பதும் அதுவே. மரத்தை அகக்காழுடையதாகவும் புல்லைப் புறக்காழுடையதாகவும் தொல்காப்பிய மரபியல் பகுத்திருத்தலின், இப்பெயர் தமிழுக்குப் புதியதன்று.

இறப்பர்ப் பால் ஊறுவது காழிலன்று, மென்பட்டையிலே. மாறிழையம் ஈன்ற கலங்களுட் சில வரிசையாக நின்று, இடைச்சுவர்கள் கரைந்து, பாற்குழாய்களாகின்றன. இக்குழாய்கள் ஒன்றோடொன்று பிணைந்து வலைபோலாகி, வளையம் வளையமாகத் தண்டைச் சுற்றியமைகின்றன. அவை நேர்செங்குத்தாகச் செல்லாது மேலேறுகையிற் சிறிது வலப்புறமாகச் சாய்கின்றன. வெட்டு இடப்பக்கம் உயர்ந்தும் வலப்பக்கம் தாழ்ந்தும் இருப்பதன் காரணம் இதுவே. அவ்வாறு வெட்டினாற் கூடுதலான குழாய்கள் அறுபடும். பால் எனப்படுவது மரத்தின் கழிவன்று. அக்குழாய்களின் உயிருள்ள உட்பொருளே ஆகும். அதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இறப்பர். வெயிலேறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கியதும் குழாய்களின் உள்ளமுக்கம் தளர்ந்து பால் குன்றும். வைகறையில் வெட்டுவது வெறும் வழக்கமன்று என்பது இதனால் விளங்கும்.

மாறிழையத்துக்கு அணித்தாயுள்ள வளையங்களிலேயே பாற்குழாய்கள் மிகுதியாக உள. கத்தி ஆழச் செல்லச் செல்லப் பால் பெருகும். ஆயின் மாறிழையத்தைத் தொட்டுவிட்டாலோ புதிய பட்டை முறையாக வளராது. ஆதலின் மாறிழையத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் இப்பால் கத்தி நின்றுவிடல் வேண்டும். பிரேசிற் காடுகளில் முற்காலத்திற் சிறுகோடரியாற் கொத்திப் பாலெடுத்தனர். அக்கொத்து காழ்வரை சென்று மரத்தைக் கெடுத்தது. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் அந்நாட்டிலிருந்து கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைத்தன. அந்நாற்றுக்களுள் ஏறத்தாழ 1,900 அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. எனினும் மரத்தைக் கொல்லாது மீண்டும் மீண்டும் பாலெடுக்கும் முறையை வகுத்தவர், 1888 முதற் சிங்கப்பூர்த் தாவரப்பூங்காவை நடத்திய ஹென்றி றிட்லி ஆவார். ஒரே வெட்டை மெல்லியதாகச் சீவித் திறத்தலே அம்முறை. விதையைக் கொணர்ந்தவர் பெற்ற புகழிலும் இதற்குரிய புகழ் குறைந்ததாதல் தகாது.

வெட்டுண்ட குழாய்கள் சில மணிநேரத்தில் தாமே அடைபடுகின்றன. பாலிலுள்ள நுண்பைகள் உடைந்து, அவற்றினின்று வெளிப்படும் பொருள்கள் இறப்பர்த் துணிக்கைகளைத் திரளச்செய்து வாயை மூடிவிடும். விலங்குடலிலும் இதனையொத்த நிகழ்ச்சி உண்டு. குருதியும் ஓர் இழையமே. தொடுப்பிழைய வகையைச் சேர்ந்தது. காயத்திற் குருதிச் சிறுதட்டுக்கள் ஒட்டித் திரள, பைபிரின் இழைகள் வலைபின்னி வாயை அடைக்கும். சபரகமுவவின் ஈரப்புல்லில் நடக்கும் தொழிலாளியின் காலைப் பற்றும் அட்டை, அவ்வுறைதலைத் தடுக்கும் பொருளைத் தன் உமிழ்நீரிற் கொண்டுள்ளது. அது விழுந்தபின்னும் குருதி ஒழுகுவது அதனாலேயே. பால் மிகுதற்பொருட்டுப் பட்டையிற் பூசப்படும் எதிபோன் என்னும் மருந்தும் குழாய்கள் அடைபடுதலைத் தாமதப்படுத்துவதே. அளவு மீறினாலும், ஒன்றுவிட்டொருநாள் என்னும் இடைவெளி தவறி அடிக்கடி வெட்டினாலும், இழந்த பாலை மீள ஆக்க இயலாது பட்டை வறண்டுபோகும்.

கத்தியைப் பிடித்த கையோ விலங்கிழையங்கள் நான்கனையும் உடையது. தோலின் புறப்படை மேலணியிழையம். அதன் அடித்தளக் கலங்கள் இடையறாது பிரிந்து, தேய்வதை ஈடுசெய்யும். அதன் கீழே தொடுப்பிழையம். அப்பாற் கையை இயக்குவது தசையிழையம். பட்டையின் வன்மை மென்மைகளை உணர்ந்து கையைத் தக்கவிடத்தில் நிறுத்துவது நரம்பிழையம். மேற்படை மட்டும் கீறுண்டாற் சுவடின்றி ஆறும். தொடுப்பிழையம்வரை ஆழ்ந்த காயமோ தழும்பாகும். இவ்வளவில் தோலும் பட்டையும் ஒக்கும். வேறுபாடும் பெரிது. மரம் ஆண்டுதோறும் தண்டு பருத்து வளர மாறிழையம் உண்டு. மனிதனுக்கு அத்தகைய படையில்லை. இறந்த நரம்புக்கலங்களுக்கு ஈடாகப் புதியன தோன்றுதல் மிக அரிது.

சீவப்பட்ட பரப்பில் மாறிழையம் ஊறின்றி இருந்தால் சில ஆண்டுகளிற் புதிய பட்டை தடித்துவிடும். அப்பரப்பு மீண்டும் வெட்டுக்கு வரும். மாறிழையம் ஊறுபட்ட இடத்திலோ கழலைபோன்ற முடிச்சுக்கள் புடைத்துக் கத்தி சீராகச் செல்லவிடா. அப்பொழுது அம்மரத்தின் முன் நிற்பவர் முன்னர் வெட்டியவராகவே இருப்பாரென்பதில்லை. நாளொன்றுக்கு இத்தனை கிலோ எனத் தோட்டம் வரையறுத்த பாலை முடிச்சு நிறைந்த அப்பட்டையிலிருந்தே அவர் எடுத்தாகவேண்டும்.