ரமாபாய்க்கு அம்பேத்கர் பட்ட கடன்

1906ஆம் ஆண்டு, பம்பாய் பைகுல்லா சந்தை. கடைகள் மூடி வியாபாரிகள் வீடு திரும்பிய பிறகு அங்கே ஒரு திருமணம் நடந்தது. திறந்த கொட்டகையின் ஒரு மூலையில் மாப்பிள்ளை வீட்டார், இன்னொரு மூலையில் பெண் வீட்டார். சரக்கு பரப்பும் கல்மேடைகளில்தான் எல்லாரும் உட்கார்ந்தார்கள். காலடியில் சாக்கடை நீர் ஓடியது. விடிந்து சந்தை கூடுவதற்குள் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் படிக்கும் பையன், வயது பதினைந்து இருக்கும். பெண்ணுக்கு ஒன்பது.

மாப்பிள்ளையின் பெயர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர். பெண்ணின் பெயர் ரமாபாய்.

ஏப்ரல் 14 வந்தால் நம் ஊர்களில் பாபாசாகேப் சிலைக்கு மாலை விழுகிறது. டிசம்பர் 6 வந்தால் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். மே 27 என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. 1935ஆம் ஆண்டு அந்த நாளில்தான் ரமாபாய் காலமானார். அப்போது அவருக்கு வயது 37. அதில் ஏறக்குறைய 29 ஆண்டுகள் அவர் அம்பேத்கரின் மனைவி.

மீன்கூடை சுமந்தவரின் மகள்

கொங்கண் கடற்கரைப் பக்கம், தாபோலிக்கு அருகே வணந்த் என்ற சிற்றூரில் பிறந்தவர் ரமாபாய். தந்தை பிக்கு, தாபோல் துறைமுகத்திலிருந்து மீன்கூடைகளைச் சந்தைக்குச் சுமந்து கூலி வாங்கியவர். சிறு வயதிலேயே தாய் இறந்தார். பின்னர் தந்தையும் போனார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை உறவினர்கள் பம்பாய்க்கு அழைத்து வந்து பைகுல்லா சந்தைக்குப் பக்கத்தில் வளர்த்தார்கள். அங்கிருந்துதான் அவர் ராம்ஜி வீட்டு மருமகளாகப் போனார்.

1913 பிப்ரவரியில் மாமனார் ராம்ஜி இறந்தார். அந்த ஆண்டே அம்பேத்கர் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அமெரிக்கா புறப்பட்டார். நியூயார்க்கில் மூன்றாண்டு, பிறகு லண்டனில் ஓராண்டு. உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் திரும்பி வந்தவர், 1920இல் மீண்டும் லண்டன் சென்று 1923இல்தான் ஊர் சேர்ந்தார். பட்டங்களின் பட்டியல் நம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் பரேல் தொழிலாளர் குடியிருப்பில் இரண்டு சிறு அறைகளுக்குள் குடும்பம் எப்படி ஓடியது என்பது பாடப் புத்தகத்தில் இல்லை.

அம்பேத்கர் தன் செலவைக் குறைத்து, மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார். அது போதவில்லை. அண்ணன் ஆனந்தராவ் இறந்த பின் அண்ணி லட்சுமிபாயும் அவர் மகனும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் அடுப்பு எரிய வேண்டும். அதற்கு வழி தேடுவது ரமாபாயின் பொறுப்பாக இருந்தது.

சாணக் கூடை

1923இல் பாரிஸ்டராகத் திரும்பியவருக்கு உடனே வாழ்வு மலர்ந்துவிடவில்லை. தீண்டத்தகாத சாதியில் பிறந்த வக்கீலிடம் வழக்கு கொடுக்கக் கட்சிக்காரர்கள் தயங்கினார்கள். வந்தவர்களும் பெரும்பாலும் கையில் காசில்லாத ஏழைகள். அந்த நாட்களில் ரமாபாய் சாணக் கூடையைத் தலையில் சுமந்தார்.

இதை நமக்குச் சொன்னவர் அம்பேத்கர்தான். 1927இல் அவர் தொடங்கிய ‘பகிஷ்கிருத பாரத்’ என்ற மராத்தி ஏடு பணமில்லாமல் தள்ளாடியது. பத்திகளை அவரே எழுதி நிரப்ப வேண்டியிருந்தது. 1928 பிப்ரவரியில், இந்த ஏட்டின் கடன் சமூகத்தின் கடன் இல்லையா என்று கேட்டு ஒரு தலையங்கம் எழுதினார். அதில் தன் வீட்டைப் பற்றியும் சொன்னார். தான் வெளிநாட்டில் இருந்தபோது இரவும் பகலும் குடும்பச் சுமையைச் சுமந்தவர், தான் திரும்பி வந்து வறுமையில் கிடந்தபோது சாணத்தைத் தலையில் சுமக்கவும் தயங்காதவர். அப்படிப்பட்ட மனைவிக்கு ஒரு நாளின் 24 மணி நேரத்தில் அரை மணி நேரம்கூடக் கொடுக்க முடியவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு, பெயரெடுத்த ஒரு தலைவர், மனைவி சாணம் சுமந்ததைத் தன் பத்திரிகையிலேயே எழுதுகிறார். அதை வெளியில் சொல்வதை அவர் அவமானமாக நினைக்கவில்லை. அவர் வருந்தியது அந்த அரை மணி நேரத்துக்காக.

நான்கு பிள்ளைகள்

ரமாபாய்க்கு ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள். யஷ்வந்த் ஒருவர்தான் பிழைத்தார். கங்காதர், ரமேஷ், மகள் இந்து, ராஜரத்னா ஆகிய நால்வரையும் சிறு வயதிலேயே மண்ணில் வைத்தார்கள். கடைசிப் பிள்ளை ராஜரத்னா 1926 ஜூலையில் இறந்தான்.

அதற்கு அடுத்த மாதம் அம்பேத்கர் தன் நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். இந்த அடியிலிருந்து தானும் மனைவியும் மீண்டுவிட்டதாக நடிப்பதில் பொருளில்லை என்றும், இதோடு மூன்று ஆண் பிள்ளைகளையும் ஒரு பெண் பிள்ளையையும் புதைத்தாகிவிட்டது என்றும் அதில் எழுதியிருந்தார். மகாட் குளத்து நீரை அள்ளிக் குடிக்க ஆயிரக்கணக்கானோரை அவர் அழைத்துச் சென்றது 1927 மார்ச்சில். ராஜரத்னா இறந்து எட்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன.

தகப்பனுக்குக் கூட்டமும் நீதிமன்றமும் புத்தகமும் இருந்தன. தாய்க்கு அந்த இரண்டு அறைகள் இருந்தன. அவர் உடம்பு மெல்ல மெல்லத் தேய்ந்தது. இதைத் தியாகம் என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட்டுப் போவது எளிது. தியாகம் தானாக விரும்பிக் கொடுப்பது. பிள்ளைகளின் சாவை எந்தத் தாயும் விரும்பிக் கொடுப்பதில்லை. அவ்வளவு படித்தவரையும் வறுமையிலேயே நிறுத்தி வைத்த சாதி, அந்தத் தாயிடமிருந்து பிடுங்கிக்கொண்டது எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதுதான் நேர்மை.

பண்டரிபுரம் போகாத பக்தை

ரமாபாய் பக்தி உள்ளவர். விரதம் இருப்பார். பண்டரிபுரம் போய்ப் பாண்டுரங்கனை ஒருமுறை தரிசிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. கணவரிடம் கேட்டார். அவர் சம்மதிக்கவில்லை. காரணம் இருவருக்கும் தெரிந்ததுதான். தீண்டப்படாதவர்கள் அந்தக் கோயிலுக்குள் போக முடியாது. வெளியே, மகார் சாதியில் பிறந்த பக்தர் சோகாமேளாவின் சமாதி வரைதான் போகலாம். பக்தனைப் பார்க்க விடாத பண்டரிபுரம் நமக்கு எதற்கு, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உழைத்து நாமே வேறொரு பண்டரிபுரத்தை உண்டாக்குவோம் என்று அம்பேத்கர் சொன்னதாக, அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்சய் கீர் பதிவு செய்திருக்கிறார்.

சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் ரமாபாயின் ஆசை ஆசையாகவே நின்றுபோனது. சானே குருஜியின் உண்ணாவிரதத்துக்குப் பிறகு 1947இல் அந்தக் கோயில் கதவு எல்லாருக்கும் திறந்தபோது, ரமாபாய் இறந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன.

தார்வாடில் ஒடுக்கப்பட்ட மாணவர்களின் விடுதிப் பிள்ளைகள் பட்டினி கிடப்பதைக் கண்டு, கையிலிருந்த வளையல்களைக் கழற்றிக் கொடுத்து அரிசி பருப்பு வாங்கச் சொன்னார் என்று மராட்டிய தலித் மக்கள் இன்றும் சொல்கிறார்கள். தன் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியாத தாய், ஊரார் பிள்ளைகளின் வயிற்றைப் பார்த்தார் என்பதால்தான் இந்தக் கதை நிலைத்து நிற்கிறது.

ஒரு நூலின் முதல் பக்கம்

1930களின் தொடக்கத்தில் தாதரில் ‘ராஜகிருஹம்’ என்ற வீட்டை அம்பேத்கர் கட்டினார். தன் நூல்களுக்கு இடம் வேண்டுமென்றே கட்டிய வீடு அது. குடும்பம் மூச்சுவிட இடம் கிடைத்தபோது ரமாபாய்க்கு உடம்பு கேட்கவில்லை. நீண்ட நாள் நோயில் கிடந்து அந்த வீட்டிலேயே கண்ணை மூடினார். அம்பேத்கர் நொறுங்கிப் போனார். தலையை மழித்துக்கொண்டார், சில காலம் காவி உடுத்தினார் என்கிறார் கீர்.

அந்த ஆண்டே அக்டோபர் 13 அன்று, இயோலா மாநாட்டில், இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாகமாட்டேன் என்ற அறிவிப்பு வந்தது. ரமாபாய் இறந்து ஐந்து மாதங்கள்கூட ஆகவில்லை.

1940 முடிவில் அம்பேத்கர் பாகிஸ்தான் குறித்த தன் நூலை வெளியிட்டார். நாடே விவாதித்த அரசியல் நூல் அது. அதன் முதல் பக்கத்தில் ஒரு சமர்ப்பணம் இருக்கிறது. மன்னருக்கோ தலைவருக்கோ அல்ல, ‘ராமு’வுக்கு. வீட்டில் மனைவியை அவர் அழைத்த பெயர் அதுதான். அவருடைய நல்ல மனதையும் தூய குணத்தையும் சொல்லி, நண்பர்கள் இல்லாமல் வறுமையில் உழன்ற காலத்தில் தன்னோடு சேர்ந்து துன்பப்படத் தயாராக இருந்த மன உறுதிக்காக இந்நூலை அவர் நினைவுக்கு அளிப்பதாக எழுதினார். அரை மணி நேரம் கொடுக்க முடியாமல் போன கடனுக்கு அவரால் கொடுக்க முடிந்தது அந்த ஒரு பக்கம்.

ரமாபாய் தன் கதையை எழுதி வைக்கவில்லை. அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு, கடன்பட்டவர் மறைக்காமல் எழுதியதால் தெரிந்தது. நம் சேரிகளிலும் காலனிகளிலும் வறட்டி தட்டி விற்று, களை பறித்து, நூறு நாள் வேலைக்குப் போய், தோட்டை அடகு வைத்துப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிய அம்மாக்களும் ஆயாக்களும் எத்தனையோ பேர். அவர்களுடைய கதையை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

படிக்கும் பிள்ளைகள் இந்த மே 27 அன்று ஒரு காரியம் செய்யலாம். ரமாபாய் படத்துக்குப் பூ வைத்த பிறகு, வீட்டில் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, நான் படிக்க நீங்கள் எதையெல்லாம் விட்டீர்கள் என்று கேளுங்கள். சொல்வதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். அரை மணி நேரம் போதும்.