மாநகரச் சோலையில் வலசைப் பறவைகள்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒருநாள் காலை, நம் விலங்கியல் ஆய்வகத்தின் சன்னலடியில் ஓர் ஆறுமணிக் குருவி இறந்து கிடந்தது. பச்சையும் நீலமும் செம்மையும் கலந்த அதன் அழகைக் கண்டு நின்ற எங்களிடம், "வடக்கேயிருந்து இரவில் பறந்து வந்த பறவை இது. கண்ணாடி இருப்பது அதற்குத் தெரியவில்லை" என்றார் பேராசிரியர். அன்றுமுதல் வலசைப் பறவைகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கலானேன். அவ்வாறு படித்தவற்றுள் என்னைப் பெரிதும் கவர்ந்தது, காட்டையோ ஏரியையோ பற்றிய செய்தியன்று. நியூயார்க் மாநகரின் நடுவேயுள்ள சென்ட்ரல் பூங்காவைப் பற்றியது.

வானளாவிய கட்டடங்கள் நாற்புறமும் சூழ்ந்த அப்பூங்காவில் 270க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் காணப்பட்டுள்ளன. அங்கு செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலையுதிர்காலம். அம்மாதங்களில் பறவை ஆர்வலர்கள் விடியற்காலையிலேயே பைனாகுலரும் கையுமாக அங்கே கூடிவிடுகின்றனர். காடுகளை விட்டு இவர்கள் ஏன் நகரத்திற்கு வருகின்றனர் என்ற ஐயம் எழுவது இயல்பே.

கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் கோடையில் குஞ்சு பொரித்த சிறு பறவைகள், குளிர் நெருங்கியதும் தெற்கே புறப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை இரவில் பறப்பவை. இரவில் காற்று குளிர்ந்து அமைதியாக இருக்கும். பருந்துகளின் தொல்லையும் குறைவு. வடமேற்கிலிருந்து குளிர்காற்று வீசத் தொடங்கும் இரவுகளில், அக்காற்றே பின்னிருந்து தள்ளிவிட, அவை பெருந்திரளாகக் கிளம்புகின்றன. அட்லாண்டிக் கடற்கரையை ஒட்டிச் செல்லும் அந்த வான்வழியில்தான் நியூயார்க் அமைந்துள்ளது. பொழுது புலரும்போது களைத்துப் பசித்துக் கீழே நோக்கும் பறவைக்குக் கூரைகளும் தெருக்களுமே தெரிகின்றன. அவற்றின் இடையே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமும் 800 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு பசுந்திட்டு! வேறு போக்கிடமின்றி எல்லாம் அங்கேயே இறங்குகின்றன. காட்டில் சிதறிக் கிடக்கும் பறவைகள் இங்கு 843 ஏக்கருக்குள் நெருங்கிவிடுகின்றன. பார்ப்பவருக்கு இது நல்வாய்ப்பு. பறவைக்கு அப்படிச் சொல்ல முடியுமா என்பது வேறு செய்தி.

இதை இயற்கையாக அமைந்த சோலை என்று எண்ணிவிட வேண்டா. பாறையும் சதுப்புமாகக் கிடந்த நிலத்தை, 1858ஆம் ஆண்டுப் போட்டியில் வென்ற ஓம்ஸ்டெட், வோக்ஸ் என்னும் இருவரின் திட்டப்படி மனிதர்களே பூங்காவாக்கினர். வளைந்து வளைந்து செல்லும் ஒற்றையடிப் பாதைகளைக் கொண்ட 'ராம்பிள்' என்னும் பகுதிதான் பறவை காண்போரின் தலைவாசல். அங்குள்ள ஓடைகூடச் செயற்கையே. பூச்சியும் பழமும் நீரும் இருந்தால் பறவைக்குப் போதும். செப்டம்பரில் அங்கே பூக்கும் 'ஜுவல்வீட்' என்னும் செடி, நம் வீட்டு முற்றத்துக் காசித்தும்பையின் நெருங்கிய உறவு. மூன்று கிராம் எடையே உள்ள ரீங்காரச் சிட்டு அதன் தேனை உண்டுவிட்டு மத்திய அமெரிக்காவை நோக்கிப் பயணத்தைத் தொடர்கிறது.

வசந்த காலத்தைவிட இலையுதிர்காலத்தில் பறவைகளை இனங்காண்பது கடினம். வசந்தத்தில் வடக்கே செல்லும் 'வார்ப்ளர்' என்னும் சிறு குருவிகளில் ஆண் பறவைகள் பளிச்சென்ற நிறத்துடன் பாடிக்கொண்டே வரும். திரும்பும்போதோ பாட்டு இல்லை. பல இனங்கள் நிறமும் மங்கி ஒன்றுபோலவே இருக்கும். அவ்வாண்டு பிறந்த குஞ்சுகளும் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும். பறவைக் கையேடு எழுதிப் புகழ்பெற்ற பீட்டர்சன், 'குழப்பும் இலையுதிர்கால வார்ப்ளர்கள்' என்றே சில பக்கங்களுக்குத் தலைப்பிட்டார் என்றால் பாருங்கள்! வசந்தத்தில் கருந்தொப்பி அணிந்த 'பிளாக்போல்' வார்ப்ளர், இக்காலத்தில் வெறும் மங்கிய பச்சை. அதைப் பிரித்தறிய, இலைகளுக்கிடையே அதன் பாதம் மஞ்சளா என்று பார்க்கவேண்டியுள்ளது. ஏறத்தாழ 12 கிராம் எடையுள்ள இக்குருவி, உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு மூன்று நாள் அட்லாண்டிக் கடலின்மீது இடைவிடாது பறக்கிறது. முதுகில் சிறு கருவிகளைப் பொருத்தி ஆராய்ந்து, 2015இல் இதனை உறுதிசெய்தனர். அப்படிப்பட்ட பறவைக்கு வழியில் ஒரு வேளை உணவு எவ்வளவு பெரிது!

பருந்துகள் பகலில் செல்பவை. பூங்காவின் பெல்வடேர் கோட்டையில் நின்று அண்ணாந்து பார்த்தால், வெப்பக்காற்றில் வட்டமிட்டு மேலேறும் அவற்றைக் காணலாம்.

இந்நகரம் என்றும் பறவைகளிடம் அன்பு காட்டியதன்று. 1886இல் ஃபிராங்க் சாப்மன் என்பவர் நியூயார்க் கடைவீதியில் நடந்தவாறே பெண்களின் தொப்பிகளை எண்ணினார். 700 தொப்பிகளில் 542இல் பறவைகளின் உடலோ இறகோ இருந்தன. அவரே 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், வேட்டைக்கு மாற்றாகப் பறவைகளைக் கணக்கெடுக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். அவ்வாண்டு கணக்கெடுத்த இடங்களுள் சென்ட்ரல் பூங்காவும் ஒன்று.

தொப்பி போயிற்று, கண்ணாடி வந்தது. பூங்காவின் மரங்கள் எதிர்க்கட்டடங்களின் கண்ணாடியில் மரங்களாகவே தெரிகின்றன. இரவு விளக்குகள் வழிப்போக்கரான பறவைகளை நகருக்குள் இழுக்கின்றன. நியூயார்க்கில் ஆண்டுதோறும் 90,000 முதல் 2,30,000 பறவைகள் வரை இவ்வாறு மோதி மடிவதாகப் பறவைப் பாதுகாப்பு அமைப்பினர் மதிப்பிட்டுள்ளனர். தொண்டர்கள் விடியலில் நடைபாதைகளில் நடந்து இறந்தவற்றைப் பொறுக்கிக் கணக்கெழுதுகின்றனர். இக்கணக்கு வீண்போகவில்லை. ஜாவிட்ஸ் மையம் என்னும் பெரிய கண்காட்சிக் கூடத்தில், புள்ளியிட்ட கண்ணாடியைப் பொருத்திய பின் மோதல்கள் ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்தன. புதிய கட்டடங்களின் கீழ்த்தளங்களில் பறவைக்குத் தெரியும் கண்ணாடியையே பயன்படுத்தவேண்டும் என 2019 டிசம்பரில் நகரமன்றம் சட்டமியற்றியது. நம் ஆய்வகச் சன்னலுக்கு அத்தகைய கண்ணாடியெல்லாம் வேண்டா. வெளிப்புறத்தில் நெருக்கமாகச் சுண்ணாம்புக் கோடுகள் இழுத்தாலே போதும். இவ்வாண்டு ஐப்பசிக்குமுன் அதனைச் செய்ய நாங்கள் அனுமதி கேட்டிருக்கிறோம்.

நவம்பரில் இலைகள் உதிர்ந்து முடிய, வார்ப்ளர்களில் பெரும்பாலானவை போய்விடும். அப்போது பூங்காவின் பெரிய நீர்த்தேக்கத்தில் வாத்துகள் வந்திறங்கும். அவற்றுள் ஒன்று, அகப்பை போன்ற அலகை நீரில் ஆழ்த்தி, ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி இரைதேடும் தட்டைவாயன். அதே இனம் ஆசியாவின் வடபகுதியிலிருந்து கிளம்பி, ஏறத்தாழ அதே நாட்களில், நம் வேடந்தாங்கலுக்கும் வந்து சேர்கிறது.